டாங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் யாருக்குச் சொந்தம்? வாடகைக் கார் எரிபொருள் விதிகள்: ஓர் ஆய்வு

வாடகைக்கு எடுத்த காரின் என்ஜினும் டயரும் இருக்கையும் உரிமையாளரிடம் திரும்பிப் போகின்றன. எரிபொருள் மட்டும் போவதில்லை. பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தருவதுதான் வாடகை. பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் பொருளை வாடகைக்கு விட முடியாது, விற்கத்தான் முடியும். ஆகவே ஒவ்வொரு கார் வாடகை ஒப்பந்தத்துக்குள்ளும் ஒரு சிறிய விற்பனை ஒப்பந்தமும் சேர்ந்தே இருக்கிறது. எத்தனை லிட்டர், என்ன விலை, யார் அளப்பது, மிச்சம் யாருக்கு என்ற நான்கு கேள்விகளுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

கார் வாடகைத் தொழிலுக்கு நூறு வயது கடந்துவிட்டது. இந்த நான்கு கேள்விகளுக்கும் நாட்டுக்கு ஒரு பதில், நிறுவனத்துக்கு ஒரு பதில் என்று இன்றும் பலவிதமாகத்தான் சொல்லப்படுகிறது. நாள் வாடகையை மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாடிக்கையாளர், எரிபொருள் விதியை அப்படி ஒப்பிடுவது அரிது. விளம்பரத்தில் வாடகை பெரிய எழுத்தில் இருக்கும். எரிபொருள் விதி ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும். நடைமுறையில் உள்ள முக்கிய முறைகள் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றின் நியாயம் என்ன, எங்கே சறுக்குகிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

வாடகைக்குள்ளேயே எரிபொருள்

இவற்றில் பழைய முறை, எரிபொருளையும் கட்டணத்துக்குள் சேர்த்துவிடுவது. 1918இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் ஒரு டஜன் ஃபோர்டு மாடல்-டி கார்களோடு வாடகைத் தொழிலைத் தொடங்கினார். 1923இல் அதை ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். 1946இல் வாரன் ஏவிஸ் டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் விமான நிலையத்தில் கடை திறந்தபின், விமான நிலையங்கள் இத்தொழிலின் மையமாக வளர்ந்தன. அந்தக் காலத்து அமெரிக்கக் கட்டணங்களில் நாளுக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு, பெட்ரோலும் ஆயிலும் அடக்கம் என்ற வடிவம் பரவலாக இருந்தது. வழியில் பெட்ரோல் போட்டவர் ரசீதைக் காட்டினால் அந்தத் தொகை பில்லில் கழிக்கப்படும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதித் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. விலை நிலையாக இருந்தவரை பெட்ரோலைக் கட்டணத்துக்குள் வைத்திருக்க முடிந்த நிறுவனங்கள் அந்தச் சுமையைத் தாங்க விரும்பவில்லை. எரிபொருள் செலவு வாடிக்கையாளர் பக்கம் தள்ளப்பட்டது. அதற்குப்பின் கச்சா எண்ணெய் விலை பலமுறை இறங்கியும் பழைய முறை பெரிய அளவில் திரும்பவில்லை.

ஆனால் அது முழுதாக மறையவும் இல்லை. 2000இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஜிப்கார், மணிக்கணக்கில் கார் தரும் சேவையில் பெட்ரோலைக் கட்டணத்துக்குள் சேர்த்து, எரிபொருள் அட்டையைக் காரிலேயே வைத்தது. கால் டாங்குக்குக் குறையாமல் காரை விட்டுச் செல்ல வேண்டும் என்பது மட்டுமே உறுப்பினருக்கான விதி. 2013இல் பெங்களூரில் தொடங்கிய ஜூம்காரும் முதலில் எரிபொருள் அடக்கக் கட்டணத்தோடுதான் வந்தது.

தமிழ்நாட்டில் டிரைவரோடு எடுக்கும் சுற்றுலா டாக்ஸி இதே வகையைச் சேர்ந்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, நாளுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி என்பது எல்லோருக்கும் பழகிய பேச்சு. டீசல் அந்தக் கிலோமீட்டர் கணக்கில் அடக்கம். கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போகும்போது மலை ஏற ஆரம்பித்ததும் பல டிரைவர்கள் ஏசியை அணைத்துவிடுவார்கள். சிலர் அதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவார்கள். இழுவைக்காக என்று காரணம் சொல்லப்படும். டீசல் வண்டிக்காரரின் செலவு என்பதும் அதற்குக் காரணம். இதற்கு நேர்மாறான ஏற்பாடும் இங்கே உண்டு. வேன், டெம்போ டிராவலர் போன்றவற்றுக்கு நாள் வாடகை தனி, டீசல் எடுப்பவர் செலவு என்று பேசுவார்கள். அப்போது ஏசி தாராளமாக ஓடும். வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பதில்தான் பேச்சு முட்டும்.

இந்த இரண்டு ஏற்பாடுகளும் பொருளியலின் ஒரு பழைய சிக்கலைக் காட்டுகின்றன. செலவைத் தருபவரும் செலவைக் கட்டுப்படுத்தக்கூடியவரும் வேறுவேறாக இருந்தால் வீணடிப்பு வரும். எரிபொருள் அடக்கம் என்றால் ஸ்டியரிங் பிடிக்கும் வாடிக்கையாளர் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். குறைவாக ஓட்டுபவர் அதிகம் ஓட்டுபவரின் பெட்ரோலுக்கும் சேர்த்துக் கொடுப்பார். எரிபொருள் தனி என்றால், டயரில் காற்று சரியாக இருக்கிறதா, ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் அக்கறை உரிமையாளருக்குக் குறையும்; மைலேஜ் குறைந்தால் நஷ்டம் அவருக்கு இல்லை. எந்த முறையும் இந்தச் சிக்கலை முழுதாகத் தீர்ப்பதில்லை. சுமை எந்தப் பக்கம் என்பது மட்டுமே மாறுகிறது.

நிறைத்து வாங்கி நிறைத்துத் தருதல்

இன்று பல நாடுகளில் நியாயமான முறையாகப் பரவலாக ஏற்கப்படுவது ஃபுல் டு ஃபுல். ஃபுல் டாங்கோடு காரை வாங்கி, ஃபுல் டாங்கோடு திருப்பித் தர வேண்டும். எரித்த பெட்ரோலுக்கு வாடிக்கையாளர் பெட்ரோல் பங்கில் நேரடியாகப் பணம் கொடுத்துவிடுகிறார். வாடகை நிறுவனம் எரிபொருள் வியாபாரத்துக்குள் வருவதே இல்லை.

இதன் வலிமை எளிமையில் இருக்கிறது. முக்கால் டாங்கா, அதைவிடக் கொஞ்சம் குறைவா என்று வாதாடலாம். நிறைந்த டாங்கில் வாதத்துக்கு இடம் குறைவு. பங்க் ரசீதும் சாட்சியாக இருக்கிறது.

பலவீனங்கள் மூன்று. முதலாவது, கடைசி நேர அவசரம். அதிகாலை விமானத்தைப் பிடிக்கப் போகும் ஒருவர் விமான நிலையத்துக்கு அருகே பங்க் தேட வேண்டும். அங்கே பங்க் இருந்தாலும் விலை கூடுதலாக இருக்கலாம். இரண்டாவது, நிறைக்காமல் கொடுத்தால் விதிக்கப்படும் கட்டணம். லிட்டருக்குப் பங்க் விலையைவிடப் பல மடங்கு வாங்குவதும், அதன்மேல் சேவைக் கட்டணம் சேர்ப்பதும் பல நாடுகளில் நடைமுறை. ஊழியர் ஒருவர் காரைப் பங்குக்கு ஓட்டிச் சென்று வர வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி வேண்டும் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் செலவு இரண்டு லிட்டர் போட்டாலும் இருபது லிட்டர் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே அதை நிலையான ஒரு தொகையாக வாங்குவதற்கு நியாயம் சொல்லலாம். லிட்டர் விலையைப் பெருக்குவதற்குச் சொல்வது கடினம்.

மூன்றாவது, மிகக் குறைவாக ஓட்டியவரின் நிலை. அமெரிக்காவில் சில நிறுவனங்கள், 75 மைலுக்குக் குறைவாக ஓட்டியவர் பெட்ரோல் போட்ட ரசீதைக் காட்டாவிட்டால் நிலையான ஒரு தொகையைத் தாமாகவே பில்லில் சேர்க்கின்றன. சிறிய தூரத்துக்கு முள் அசையாது. முள்ளை வைத்து நிரூபிக்க முடியாத இடத்தில் நிரூபிக்கும் பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது.

வாடிக்கையாளரால் பெட்ரோல் போடவே முடியாத நிலை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் 2022ஆம் ஆண்டு ஓர் எடுத்துக்காட்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் எரிபொருள் கிடைக்காமல் போனபோது, அவ்வாண்டு ஜூலையில் க்யூஆர் குறியீட்டோடு தேசிய எரிபொருள் அனுமதி அட்டை அறிமுகமானது. காருக்கு வாரம் 20 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர் என்று ஒதுக்கீடு தொடங்கியது. ஒதுக்கீடு வாகனப் பதிவெண்ணோடு கட்டப்பட்டிருந்தது. அத்தகைய நிலையில், நிறைத்துத் தர வேண்டும் என்ற ஒப்பந்த வாசகத்தைக் கடைப்பிடிப்பது வாடிக்கையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்க முடியாது. எங்கும் பங்க், எப்போதும் பெட்ரோல் என்ற அனுமானத்தின் மேல்தான் ஃபுல் டு ஃபுல் நிற்கிறது.

முன்கூட்டியே விலைக்கு வாங்குதல்

இந்த முறையில் முழு டாங்குக்கும் வாடிக்கையாளர் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிடுகிறார். காலியாகத் திருப்பித் தரலாம். மிச்சத்துக்குப் பணம் கிடையாது என்பது இதன் கடுமையான வடிவம். மிச்சத்துக்குப் பணம் தந்து, சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வது மென்மையான வடிவம். ஸ்பெயின் போன்ற தென் ஐரோப்பியச் சுற்றுலாத் தலங்களில் கடுமையான வடிவம் நீண்டகாலம் பெரிய புகார்களுக்குக் காரணமாக இருந்தது. நாள் வாடகை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக விளம்பரமாகும். கவுன்ட்டருக்குப் போனபின் முழு டாங்கின் விலை சேரும்.

கணக்கை அருகே வைத்துப் பார்க்கலாம். மாருதி ஸ்விஃப்டின் டாங்க் 37 லிட்டர். கணக்குக்கு எளிதாகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே கட்டுவது 3,700 ரூபாய். வாடிக்கையாளர் 25 லிட்டர் மட்டும் எரித்துக் காரைத் திருப்பினால், அவர் எரித்த ஒவ்வொரு லிட்டருக்கும் 148 ரூபாய் கொடுத்திருக்கிறார். பங்க் விலையைவிட 5 சதவீதம் தள்ளுபடி என்று நிறுவனம் அறிவித்தாலும், அந்தத் தள்ளுபடி பலிக்க அவர் 35 லிட்டருக்குமேல் எரிக்க வேண்டும். இரண்டு லிட்டருக்கும் குறைவான பெட்ரோலோடு காரை நிறுத்த வேண்டும். ரிசர்வ் விளக்கு எரிந்தபின் விமான நிலையச் சாலையில் அப்படி ஓட்டத் துணிபவர் சிலரே. இந்த முறையின் லாபம் அந்தப் பயத்திலிருந்து வருகிறது. அடுத்து வருபவரிடம் அதே மிச்ச லிட்டர்கள் இன்னொரு முறை விற்கப்படுகின்றன.

இதற்கு ஆதரவான வாதமும் உண்டு. பங்க் தேடும் அலைச்சல் இல்லை, நேரம் மிச்சம், நீண்ட பயணத்தில் டாங்க் எப்படியும் காலியாகிவிடும். டாங்கை முழுதாகத் தீர்க்கப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு இது மோசமான பேரம் அல்ல. ஆனால் தம் எதிர்காலப் பயன்பாட்டை மக்கள் சரியாகக் கணிப்பதில்லை என்பதற்குப் பொருளியலில் சான்று இருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மெண்டியரும் 2006இல் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், மாதச் சந்தா கட்டியவர்கள் பலர் வந்துபோன நாட்களைக் கணக்கிட்டால், வரும்போது மட்டும் பணம் கட்டியிருந்தால் குறைவாகச் செலவாகியிருக்கும் என்று காட்டினர். முன்பணமாக வாங்கிய டாங்குக்கும் இதே தர்க்கம் பொருந்தக்கூடும்.

அதே ஆண்டில் சேவியர் கபேயும் டேவிட் லேப்சனும் எழுதிய கட்டுரை இன்னொரு விளக்கத்தைத் தருகிறது. முக்கிய விலையைக் குறைத்துக் காட்டி, கவனிக்கப்படாத துணைக் கட்டணங்களில் லாபம் பார்க்கும் சந்தைகளில், போட்டி மட்டும் அந்த மறைவை நீக்கிவிடாது என்பது அவர்கள் வாதம். ஒளிவில்லாமல் விலை சொல்லும் நிறுவனத்தின் நாள் வாடகை கூடுதலாகத் தெரியும்; விவரம் தெரியாதவர் அதைத் தவிர்ப்பார், விவரம் தெரிந்தவரோ மறைக்கும் நிறுவனத்தின் மலிவு வாடகையை எடுத்துக்கொண்டு துணைக் கட்டணத்திலிருந்து தப்பித்துக்கொள்வார். அந்தக் கட்டுரை வாடகைக் காருக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. ஆயினும் சுற்றுலாத் தலங்களில் கடுமையான முன்பண முறை நீடித்ததற்கு இது ஏற்கத்தக்க ஒரு விளக்கம்.

இருந்த அளவிலேயே திருப்புதல்

கால் டாங்கோடு வாங்கினால் கால் டாங்கோடு, பாதியோடு வாங்கினால் பாதியோடு. தனியார் தம் சொந்தக் காரைச் செயலி வழியாக வாடகைக்கு விடும் முறையிலும் சிறு நிறுவனங்களிலும் இது அதிகம். ஒவ்வொரு முறையும் டாங்கை நிறைத்து வைக்கும் செலவு உரிமையாளருக்கு இல்லை. கொள்கையளவில் இதுவும் ஃபுல் டு ஃபுல் அளவுக்கு நியாயமானது. எரித்ததை மட்டும் ஈடுசெய்தால் போதும்.

சிக்கல் நடைமுறையில் வருகிறது. டாங்கை நிறைப்பதற்கு ஒரு முடிவுப் புள்ளி உண்டு. நாசில் தானாக நின்றுவிடும். முள்ளைப் பாதிக் கோட்டில் நிறுத்துவதற்கு அப்படி ஒரு புள்ளி கிடையாது. குறைந்துவிட்டால் அபராதம், கூடிவிட்டால் திருப்பித் தருவதில்லை என்ற நிலையில், வாடிக்கையாளர் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே போடுவார். ஒருவர் இரண்டு லிட்டர் கூடுதலாகப் போடுவது அவருக்குப் பெரிய இழப்பாகத் தெரியாது. நூறு வாடகைகளில் அது 200 லிட்டர். குறைந்தால் பிடித்தம், கூடினால் நன்றி என்ற இந்த ஒருதலைப் போக்குதான் இம்முறையின் உண்மையான குறை.

தூரத்தை வைத்துக் கணக்கிடுதல்

ஜப்பானில் டாங்கை நிறைத்துத் தருவதே பொது வழக்கம். நிறைக்காமல் வந்தவரிடம், ஓடிய தூரத்தை வைத்துக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எரிபொருள் கட்டணம் கணக்கிடுவதும் அங்கே உண்டு. தென்கொரியாவின் சோகார் போன்ற சேவைகளில் எரிபொருள் அட்டை காரிலேயே இருக்கிறது; வாடகையோடு ஓடிய கிலோமீட்டருக்கான கட்டணம் தனியாகச் சேர்கிறது.

ஓடோமீட்டர் எரிபொருள் முள்ளைவிட நம்பகமானது. அதில் வாதாட இடமில்லை. இந்த முறை அளவீட்டுச் சிக்கலை ஏறக்குறைய தீர்த்துவிடுகிறது. ஆனால் தூரம் ஒன்றானாலும் எரிபொருள் ஒன்றாக இருப்பதில்லை. நெரிசலில் ஊர்ந்த ஐம்பது கிலோமீட்டருக்கும் நெடுஞ்சாலையில் சீராக ஓடிய ஐம்பது கிலோமீட்டருக்கும் வித்தியாசம் பெரிது. சிக்கனமாக ஓட்டியவருக்கு இங்கே பரிசு இல்லை. கிலோமீட்டர் விகிதத்தை நிர்ணயிப்பதும் நிறுவனமே என்பதால், அந்த விகிதத்துக்குள் எவ்வளவு லாபம் இருக்கிறது என்பது வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை.

முள் சொல்லும் கணக்கு

மேலே கண்ட தகராறுகளில் பெரும்பகுதி ஒரு சிறு கருவியைச் சுற்றி நடக்கிறது. டாங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவையின் உயரத்தைத்தான் எரிபொருள் முள் காட்டுகிறது. இன்றைய டாங்குகள் பின் இருக்கைக்கு அடியில், குழாய்களுக்கும் அச்சுக்கும் இடம் விட்டு வளைந்து நெளிந்து இருப்பவை. உயரம் பாதியானால் கொள்ளளவும் பாதியாகும் என்று சொல்ல முடியாது. சரிவான இடத்தில் நிறுத்தினால் அளவு மாறித் தெரியும். வளைவுகளில் முள் ஆடாமலிருக்க அதன் அசைவு வேண்டுமென்றே மந்தமாக்கப்பட்டிருக்கிறது. டாங்க் நிறைந்தபின் பல கிலோமீட்டர் ஓடியும் முள் உச்சியிலேயே நிற்பது ஓட்டுபவர் எல்லோரும் கண்டதே.

இப்படிப்பட்ட கருவியை எட்டுப் பங்காகப் பிரித்துப் பில் போடுவது பல நிறுவனங்களின் பழக்கம். 37 லிட்டர் டாங்கில் எட்டில் ஒரு பங்கு சுமார் 4.6 லிட்டர். உண்மையில் இரண்டு லிட்டர் மட்டுமே குறைந்திருந்து, முள் ஒரு கோடு இறங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளப்பட்டு, லிட்டருக்கு இரட்டிப்பு விலையும் போடப்பட்டால், பங்கில் 200 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 925 ரூபாயாகிறது. இதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. கருவியின் தோராயமும் விதியின் கடுமையும் சேர்ந்தாலே போதும்.

இந்தச் சிக்கலைக் கப்பல் தொழில் வெகுகாலத்துக்கு முன்பே வேறு வழியில் கையாண்டிருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுப்பவர், ஒப்படைக்கும் நேரத்தில் கப்பலில் உள்ள எரிபொருளை உரிமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்கிறார். திருப்பித் தரும்போது மிச்சமிருப்பதை உரிமையாளர் அவரிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்கிறார். இரு நேரமும் அளவு சரிபார்க்கப்படுகிறது. விலை ஒப்பந்தத்திலேயே பேசி எழுதப்படுகிறது. 1913இல் முதலில் வெளியான நியூயார்க் புரொடியூஸ் எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தப் படிவத்தின் வழிவந்த ஒப்பந்தங்களில் இந்த ஏற்பாடு நன்கு நிலைபெற்ற ஒன்று. வாடகைக் காரில் இது ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். கப்பலில் தொகை பெரிது, அளப்பதற்கு ஆகும் செலவு அதனோடு ஒப்பிட்டால் சிறிது. அங்கே இரு தரப்பும் பேரம் பேசத் தெரிந்த வணிகர்கள். கார் வாடகைக் கவுன்ட்டரில் ஒரு பக்கம் அச்சடித்த ஒப்பந்தம், மறுபக்கம் பெட்டியோடு வரிசையில் நிற்கும் பயணி.

சட்டம் எதுவரை வருகிறது?

சட்டம் இதுவரை பெரும்பாலும் விலையைத் தொடாமல் வெளிப்படைத்தன்மையையே வற்புறுத்தி வந்திருக்கிறது. ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் எரிபொருள் சேவைக் கட்டணம் தொடர்பான வழக்கில் 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டாங்கை நிறைத்துக் கொடுத்தால் தவிர்த்துவிடக்கூடிய கட்டணம் இது; மாநிலச் சட்டம் இதை அனுமதிக்கிறது; தொகை அதிகம் என்பதற்காக மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விகிதம் வாடிக்கையாளர் எளிதில் அறியாதபடி மறைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு விசாரிக்கத் தக்கது. இதுவே அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஐரோப்பா ஒரு படி மேலே சென்றது. ஏவிஸ்-பட்ஜெட், என்டர்பிரைஸ், யூரோப்கார், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து நிறுவனங்கள், பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையமும் ஐரோப்பிய ஆணையமும் நாடுகளின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகளும் நடத்திய பேச்சுக்குப்பின் 2015 ஜூலையில் தம் நடைமுறைகளை மாற்ற ஒப்புக்கொண்டன. எரித்த எரிபொருளுக்கு மட்டும் பணம் கட்டும் வாய்ப்பு வாடிக்கையாளருக்கு எப்போதும் இருக்க வேண்டும் என்பது அந்த மாற்றங்களுள் ஒன்று. முன்பண முறையை இது ஒழிக்கவில்லை. மாற்று வழி ஒன்று இல்லாமல் அதைத் திணிக்கக் கூடாது என்றது. ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த சிறு நிறுவனங்களை அது நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை என்பது அதன் எல்லை.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒப்பந்த மீறலால் உண்டான இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத் தொகையை விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று வரையறுக்கிறது. இரண்டு லிட்டர் குறைவுக்குப் பல மடங்கு வாங்கும் விதி இந்த வரையறைக்குள் வரும் என்று வாதிட இடமுண்டு. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் குறித்த புகார்களை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில, தேசிய ஆணையங்களுக்கே உண்டு. சில நூறு ரூபாய்த் தகராறுக்காக மாநில ஆணையத்தின் படியேறுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போகும் வழி திறந்திருந்தாலும், அங்கே விதியின் நியாயம் மையக் கேள்வியாகாமல் போகலாம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஆன்லைன் தளங்களில் விலையைத் துளித்துளியாக வெளியிடுவதை ஏமாற்று உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளன. முன்பதிவின்போது சொல்லாத எரிபொருள் கட்டணங்களுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வழக்குகள் வந்தால்தான் தெளியும்.

மின்சார கார் கொண்டுவந்த புதிய கேள்வி

ஹெர்ட்ஸ் 2021 அக்டோபரில் ஒரு லட்சம் டெஸ்லா கார்களை வாங்கப்போவதாக அறிவித்தது; 2024 ஜனவரியில் தன் மின்சார கார்களில் சுமார் 20,000 கார்களை விற்றுவிடுவதாகச் சொன்னது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே எரிபொருள் விதியின் அடிப்படையே மாறத் தொடங்கியது.

மின்சார காரில் அளப்பது எளிது. பேட்டரியின் அளவைக் கார் சதவீதத்தில் சொல்லிவிடுகிறது. அந்த எண் நிறுவனத்தின் கணினிக்கும் போய்விடும். நிறைப்பதுதான் கடினம். அதிவேகச் சார்ஜரிலும் 80 சதவீதத்துக்குமேல் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். நூறு சதவீதத்தோடு திருப்பித் தரச் சொன்னால் வாடிக்கையாளரின் ஒரு மணி நேரம் போய்விடலாம். எனவே 70, 80 சதவீதம் என்ற குறைந்தபட்ச அளவோ, வாங்கிய அளவிலேயே திருப்புவதோ பல நிறுவனங்களின் விதியாகியுள்ளது. பெட்ரோல் காரில் பலவீனமாக இருந்த முறை, அளவீடு துல்லியமானதும் வலுப்பெறுகிறது.

கருவி துல்லியமானால் மட்டும் போதாது என்பதையும் அனுபவம் காட்டியிருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் டெஸ்லா காரை வாடகைக்கு எடுத்த ஒருவருக்குப் பெட்ரோல் நிரப்பாததற்கான கட்டணம் விதிக்கப்பட்ட செய்தி வெளியானது. பெட்ரோல் டாங்கே இல்லாத காருக்கு அந்தப் பில் போனது. கட்டணங்கள் தாமாகவே பில்லில் ஏறும்போது, அவற்றை மறுத்துக் கேட்கும் வழியும் அதே அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும்.

மதிப்பீடு

இந்த முறைகளைப் பெயரை வைத்துத் தீர்ப்பிட முடியாது. ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். அளவு இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி எடுக்கப்படுகிறதா? குறைவுக்கு வாங்கும் விலை, பங்க் விலைக்கும் நியாயமான கூலிக்கும் அருகில் இருக்கிறதா? குறைந்தால் வாங்குவதுபோல் மிஞ்சினால் திருப்பித் தரப்படுகிறதா?

முதல் கேள்வியில் ஃபுல் டு ஃபுல்லும் தூரக் கணக்கும் தேறுகின்றன. இரண்டாவதில் ஃபுல் டு ஃபுல், நிறைத்துத் தருபவருக்கு நல்லது. தவறியவருக்குப் பெரும்பாலும் கடுமையானது. மூன்றாவதில், கட்டணத்துக்குள் எரிபொருளை அடக்கும் முறைக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. மற்றவை ஏறக்குறைய எல்லாமே தவறுகின்றன. மிச்சத்துக்குப் பணமே தராத முன்பண முறை, மூன்றிலும் மோசம் என்று சொல்லப் போதிய காரணம் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டோம் என்பது அந்தக் குறையை நீக்காது.

தீராத கேள்விகளும் உள்ளன. காரின் கணினி எரிபொருள் அளவை நேரடியாக அனுப்பும் காலத்தில், கப்பல் தொழிலைப்போல் கூடுதல் குறைவு இரண்டையும் ஒரே விலையில் கணக்குத் தீர்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை குறைந்துவருகிறது. நிறுவனங்கள் அதை விரும்பி ஏற்குமா, சட்டம் தள்ள வேண்டியிருக்குமா என்பது தெளிவில்லை. நேரத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்துவதற்கு வாடிக்கையாளர் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்பதும், அந்த விருப்பம் எங்கே முடிந்து அறியாமையில் வாங்குவது எங்கே தொடங்குகிறது என்பதும் இன்னும் சரியாக அளக்கப்பட வேண்டியவை. வீட்டில் ஏற்றும் மின்சாரத்துக்கும் பொதுச் சார்ஜரில் ஏற்றும் மின்சாரத்துக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும்வரை, மின்சார காரில் எந்த விலை நியாயம் என்பதும் முடியாத வாதம்.

இவை தீரும்வரை வாடிக்கையாளர் கையில் சில எளிய வழிகள் உண்டு. முன்பதிவு செய்யும்போதே எரிபொருள் விதியை வாசித்து, எரித்ததற்கு மட்டும் பணம் கட்டும் வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். சாவியை வாங்கியதும் எரிபொருள் முள்ளும் ஓடோமீட்டரும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம், திருப்பித் தரும்போது அதேபோல் ஒரு படம், கடைசியாகப் பெட்ரோல் போட்ட பங்கின் ரசீது: இந்த மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான தகராறுகள் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. குறைந்த லிட்டருக்கு எந்த விலையை வாங்குகிறீர்களோ, மிஞ்சிய லிட்டருக்கும் அதே விலையைக் கொடுங்கள்.